வரிசையில் முன்னால் போனவர்

கணவரின் கழுத்தில் கட்டி திரும்பி வந்திருப்பதை முதலில் கண்டவள் அவள்தான். பத்தொன்பது வருடமாக ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். மயிரிழைக் கீறலைக்கூட விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கண்டுபிடித்துவிடுகிற கண். அன்று காலை அவர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். துண்டு கொடுக்கப் போனவள், இடது தோளெலும்புக்கு மேலே பட்டாணி அளவுக்குத் தோல் மேடிட்டிருப்பதைப் பார்த்தாள்.

“கொஞ்சம் இப்படித் திரும்புங்க.”

“ஏன்?”

“ஒண்ணுமில்ல. சோப்பு ஒட்டியிருக்கு.”

சோப்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்புதான் டாக்டர் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ் நிறுத்தத்திலேயே நின்று இருவரும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். இப்போது அவர் பிளேடைக் கழுவி வைத்துவிட்டு, “ஃபோன் பண்ணி நேரம் கேளு” என்று மட்டும் சொன்னார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்துநாலு வருடமாக லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்று பழகியதாலோ என்னவோ, எந்த வாசலிலும் முதலில் நுழைய மாட்டார். ஒதுங்கி நின்று, மற்றவர்கள் போன பிறகுதான் கால் எடுத்து வைப்பார். கல்யாணமான புதிதில் அந்தக் குணத்தை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிற பெண்மணி. சதைத் துணுக்கைச் சோதித்த முடிவை மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னார். “அதே நிணநீர்ப் புற்றுநோய்தான். முதல் மருந்துக்கு அடங்கின மாதிரி இருந்து, திரும்பி வந்திருக்கு. ரொம்பக் கடுமையான கீமோ குடுத்து, அப்புறம் உங்க ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்ப ஏத்துற ஒரு வழி இருக்கு. ஆனா முதல் சிகிச்சையில உங்க இதயம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. அதத் தாங்காது.”

“அப்போ வேற வழியே இல்லையா?” என்றாள் அவள்.

“இருக்கு. ரெண்டு கீமோ மருந்தோட ஒரு பழைய மருந்து சேத்துக் குடுக்கிறது பல வருஷமா நடக்குது. அதே கீமோவோட ஒரு புது ஊசி சேத்துக் குடுக்கிறது இப்பத்தான் ஆய்வுல இருக்கு. அந்தப் புது மருந்துக்கு ரெண்டு கைன்னு வெச்சுக்குங்க. ஒரு கையால புற்று செல்லப் பிடிச்சுக்கும். இன்னொரு கையால உங்க உடம்போட காவல் செல்ல இழுத்துட்டு வந்து பக்கத்துல நிறுத்தும்.”

“எது நல்லது டாக்டர்?”

“அதக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வே. தெரிஞ்சிருந்தா நானே எழுதிக் குடுத்திருவேனே. பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் போடும். நானும் கை வைக்க முடியாது, நீங்களும் கேக்க முடியாது.”

“பட்டன அமுக்குறதுதான் நம்ம வேல, எந்த லிஃப்ட் வரணும்னு அதுதான் முடிவு பண்ணும்” என்று கணவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சிகிச்சையோடு ஒரு புது ஊசி என்று காதில் விழுந்த அந்த நிமிடமே, அது தன் கணவருக்குத்தான் என்று அவள் மனதுக்குள் எழுதி வைத்துவிட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸிலேயே அவரைக் கிளப்பிக் கூட்டிப் போனாள். மூன்றாவது மாடியில் ஆய்வு நர்ஸின் அறை. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் இவர்கள்தான் முதல் ஆள். கதவு திறக்கக் கால் மணி நேரம் இருக்கையில் ஒரு பெண்மணி படியேறி வந்தார். ஒடிசலான உடம்பு, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, தோளில் விடைத்தாள் பிதுங்குகிற பை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற டீச்சர் என்று பேச்சில் தெரிந்தது. அவருக்கும் அதே நோய். அதே ஆய்வில் சேரத்தான் வந்திருந்தார்.

“பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை மேற்பார்வை. லேட்டாயிருமோன்னு பயமா இருக்கு” என்றார் டீச்சர், யாரிடமும் என்றில்லாமல் பொதுவாக.

கதவு திறந்தது. லிஃப்ட்காரர் எழுந்து ஒதுங்கி நின்றார். “நீங்க முதல்ல போங்க மேடம். எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவள் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அதற்குள் டீச்சர் உள்ளே போயாகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர், நடந்துகொண்டே யாருக்கோ ஃபோனில், “புது ஊசிதான் வந்திருக்கு, ஆமா, புதுசுதான்” என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

இவர்கள் போனார்கள். நர்ஸ் விவரங்களைத் தட்டினாள். திரை ஒரு நொடி யோசித்தது. “உங்களுக்குப் பழைய மருந்து வந்திருக்குங்க” என்றாள். லிஃப்ட்காரர் சரி என்று தலையாட்டினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “நாமதான் முதல்ல வந்தோம்.”

“அதுக்கென்ன?”

“முதல்ல போயிருந்தா அந்த ஊசி நமக்கு வந்திருக்கும். தூக்கிக் குடுத்துட்டீங்க.”

“அந்தம்மாவுக்குப் பரீட்சை இருந்துச்சு.”

“எனக்குப் புருஷன் ஒருத்தர்தான் இருக்கார்.”

அன்று மாலை அவள் தங்கைக்கு ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அக்கா, உன் காதுல இருந்து வர்ற புகை எனக்கு இங்க வரைக்கும் தெரியுது. அந்தம்மா என்ன பண்ணும் பாவம்?” என்றாள்.

“பாவம்னு நீ சொல்லாத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

மூன்று வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை கீமோ. நீளமான அறை, சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிரிப் கம்பி. விதி என்றுதான் சொல்ல வேண்டும், ஆறாம் நாற்காலி லிஃப்ட்காரருக்கு, ஏழாம் நாற்காலி டீச்சருக்கு. டீச்சர் தனியாகத்தான் வருவார், தனியாகத்தான் போவார். கூட யாரும் இல்லையா என்று ஒரு தடவை கணவர் கேட்டதற்கு, “கூட வர்ற அளவுக்கு நெருக்கமா யாரும் இல்ல. ஊசி போட்ட அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாப்பாங்க” என்றார்.

முதல் சுற்றிலேயே இருவருக்கும் ஒரே தொந்தரவு ஆரம்பித்தது. கீமோ மருந்தில் ஒன்று நரம்பைத் தொடுகிற மருந்து. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் சுரீரென்று கரண்ட் அடிப்பது போல இருக்கும். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், சில்லென்ற டம்ளர், எல்லாமே.

“இன்னைக்கு எத்தன வோல்ட்?” என்று டீச்சர் கேட்பார்.

“நாப்பது. உங்களுக்கு?”

“இருநூத்தி முப்பது. காலைல ஃபிரிட்ஜத் திறந்தேன்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள், “என்ன வோல்ட்டு?” என்று கேட்டால், “சும்மா, தமாஷு” என்பார் கணவர். டீ வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வரும்போது பேச்சு நின்றுபோயிருக்கும். அது தன்னைக் கண்டு நின்றதா, தானாக முடிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் நின்றது.

டீச்சர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘பழசு’, மறு பக்கம் ‘புதுசு’ என்று எழுதியிருந்தார். காய்ச்சல் எத்தனை டிகிரி, பசி எப்படி, தூக்கம் எத்தனை மணி நேரம், கட்டி கைக்குத் தட்டுப்படுகிறதா. “பெரிய டாக்டருங்க எல்லாம் சேர்ந்து ஆயிரம் பேர ஒப்பிடட்டும். நாம ரெண்டு பேர ஒப்பிடுவோம்” என்றார். லிஃப்ட்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் பராமரிப்பு அட்டையைத் தவிர வேறு எதிலும் பேனா வைக்காத மனிதர், முக்கால் மணி நேரம் குனிந்து எழுதினார்.

வீட்டில் அவள் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். பசிக்கிறதா? பரவாயில்ல. தூங்கினீர்களா? பரவாயில்ல. வலிக்கிறதா? பரவாயில்ல. அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சல் ஏறியது. ஊசியை அந்த டீச்சர் எடுத்துக்கொண்டது போதாதென்று பேச்சையும் எடுத்துக்கொண்டாள் என்று உள்ளுக்குள் கரித்துக்கொட்டினாள். மனதுக்குள் மட்டும் அவள் டீச்சரை ஒருமையில்தான் பேசினாள்.

நான்கு சுற்று முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். ஒரே நாளில் இருவருக்கும் முடிவு வந்தது. லிஃப்ட்காரரின் கட்டி பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கியிருந்தது. “மோசமில்ல, இன்னும் பாப்போம்” என்றார் டாக்டர். வெளியே வந்தபோது டீச்சர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்படி?” என்றார் கணவர்.

“கொஞ்சம் குறைஞ்சிருக்குங்க.”

“கொஞ்சம்னா?”

டீச்சர் தரையைப் பார்த்தார். “எங்க இருந்துச்சுன்னு தேடிப் பாக்கணுமாம்.”

கணவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார், குளிர்ந்த கை என்று இருவரும் ஒரே நேரத்தில் கையை உதறிக்கொண்டு சிரித்தார்கள். அவள் ஒரு புன்னகையை எடுத்து முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் தன் மகிழ்ச்சியை மறைக்கப் பட்ட பாடுதான் அவளை அதிகமாகச் சுட்டது. பீற்றிக்கொண்டிருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

அன்று நோட்டு கணவரின் பையில் வந்தது. அவருடைய பக்கத்தை எழுதி அடுத்த முறை கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். அவர் குளிக்கப் போனபோது அவள் அதை எடுத்துப் பிரித்தாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில், கணவரின் கோணல்மாணலான எழுத்தில் இருந்தது:

‘விரல் நுனி மரத்துப்போச்சு. குளிர் இல்லாதப்பவும். ஸ்க்ரூவக் கையில எடுத்தா இருக்கா விழுந்துட்டதான்னு தெரியல. இப்படியே இருந்தா இனிமே லிஃப்ட்ல கை வைக்க முடியாது. பயமா இருக்கு. வீட்ல சொல்லல.’

அதற்குக் கீழே, அச்சுக் கோத்தது போன்ற டீச்சரின் கையெழுத்து: ‘டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் சொல்லுங்கள்.’

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பயமா இருக்கு என்று அவர் எழுதியதைவிட, வீட்ல சொல்லல என்பது அதிகம் குத்தியது. அதைவிட அதிகம் குத்தியது கீழே இருந்த இரண்டு வரி. தன் புருஷனிடம் தனக்காகப் பரிந்து பேச இவள் யார்?

மறுநாள் கடையிலிருந்து ஆய்வு நர்ஸுக்கு ஃபோன் செய்தாள். “செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு கிடைக்க மாட்டேங்குது. வியாழக்கிழமைக்கு மாத்த முடியுமா?” ஓரிரு நாள் முன்பின் பரவாயில்லை என்று நர்ஸ் மாற்றிக் கொடுத்தாள். கணவரிடம், ஆஸ்பத்திரியில் கீமோ நாளை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள். நோட்டைக் கடைக்கு எடுத்துப்போய், உடைந்த ஃபிரேம்கள் கிடக்கும் இழுப்பறையின் அடியில் வைத்தாள்.

அவர் நோட்டைத் தேடினார். பையைக் கவிழ்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார், துணி மூட்டையைக் கலைத்தார். “டீச்சர் ஆசையா எழுதிட்டு வந்த நோட்டு. எங்க விட்டேன்னே தெரியலயே.” அவள் கூடவே நின்று அலமாரியைத் திறந்து தேடுவது போல் பாவனை செய்தாள். ஒரு முறை அவர் மேஜை மேலிருந்த சாவியை எடுக்கப் போய், இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை உள்ளங்கையால் வழித்து எடுத்தார். அவள் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஏழாம் நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கினார். லிஃப்ட்காரர் ஆறு மணி நேரமும் டிரிப் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றுவதற்கு முன் டாக்டர் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

“விரல் எப்படி இருக்கு? மரத்துப் போகுதா?”

“பரவாயில்ல டாக்டர்.”

அவள் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். இல்லை டாக்டர், அவருக்கு ஸ்க்ரூ பிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். நோட்டு வெளியே வரும். நாள் மாறிய கதை வெளியே வரும். அவள் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அதே அளவை எழுதிவிட்டுப் போனார். முழு அளவு மருந்தும் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்க்காமல் கழிந்த முதல் கீமோ நாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ கருகுகிற நெடி மூக்கில் ஏறியது. சட்டை கருகுகிறது என்று நினைத்து ஓடி வந்தாள். சட்டையில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் தகட்டு ஓரத்தில் அவருடைய இடது கை விரல்கள் மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் மும்முரமாகக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்ட கூச்சலில்தான் திரும்பினார். விரல்களைப் பார்த்தார். தோல் வெந்து வெளுத்திருந்தது.

“பரவாயில்ல” என்றார்.

அவள் வெடித்துவிட்டாள். “என்ன பரவாயில்ல? விரல் நுனி செத்துப்போச்சுன்னு அவங்க நோட்டுல எழுதத் தெரியுது. வீட்ல சொல்லலன்னு எழுதத் தெரியுது. எங்கிட்ட மட்டும் பரவாயில்லயா?”

குழாயைத் திறந்து அவர் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கையை இழுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார். “நோட்டு உங்கிட்டயா இருக்கு?”

“ஆமா.”

“கீமோ நாளையும் நீதான் மாத்தினியா?”

“ஆமா.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று அவளே கேட்டாள். “அவங்க கிட்ட மட்டும் எப்படி வாய் வருது?”

“அவங்க கேட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவாங்க. நீ அப்படி இல்ல. உங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் என்னப் பாத்துக்கிட்டே இருப்ப. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு லென்ஸப் பாப்பியே, கீறல் எங்க இருக்குன்னு, அந்த மாதிரி. காலைல பாப்ப, சாப்பிடறப்ப பாப்ப, நான் நடக்கறப்ப பாப்ப. எனக்குத் தாங்கல.” ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உன் முகத்துல என் நோய் தெரியுது. அவங்க முகத்துல அவங்க நோய் மட்டும்தான் தெரியும்.”

பேச வாயெடுத்தால், அவரை உற்றுப் பார்க்காமல் பேச முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும் வழியில் கடையில் இறங்கி நோட்டை எடுத்துக்கொண்டாள். விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். டாக்டரிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லப் போனவரை நிறுத்தி, “அன்னைக்கு எனக்கும் தெரியும் டாக்டர். தெரிஞ்சே பேசாம இருந்துட்டேன்” என்றாள் அவள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நரம்பைத் தொடுகிற மருந்தை அடுத்த சுற்றிலிருந்து நிறுத்துவதாகச் சொன்னார். “ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா மறைச்சா நான் யார நம்பி மருந்து எழுதறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கோப்பை எடுத்தார்.

வெளியே ஆய்வு நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். “உங்களத்தான் தேடிட்டு இருந்தேன். டீச்சர் நேத்துல இருந்து காய்ச்சலா வார்டுல இருக்காங்க. முன்னாடி வந்த காய்ச்சல் எல்லாம் என்னென்னைக்கு வந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாங்க. அந்த நோட்டு உங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்றாங்க.”

கணவர் எழுந்தார். “நான் குடுத்துட்டு வர்றேன்.”

“நீங்க உக்காருங்க. நான் போறேன்.”

டீச்சர் வார்டின் கடைசிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. அவள் நோட்டை நீட்டியதும் வாங்கி, பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது புரிந்தபோது அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“எங்க கிடைச்சுது?”

“நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். கீமோ நாளை மாத்தினதும் நான்தான்.”

டீச்சர் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லுவார் என்று வழி நெடுக அவள் பயந்துகொண்டு வந்திருந்தாள். அந்தப் பயம் வீண். டீச்சருக்குக் கோபம் வந்தது.

“இது என் நோட்டு. வேணும்னா எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம். நேத்துல இருந்து தேதி ஞாபகம் வராம டாக்டர் முன்னாடி முழிச்சிட்டு இருக்கேன். உங்களுக்கு என்ன பயம்? நான் அவரத் தூக்கிட்டுப் போயிருவேன்னா? பழைய கட்டடத்து லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்ட கதைய எங்கிட்ட நாலு தடவ சொல்லியிருக்கார். அஞ்சாவது தடவ கேக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். வந்ததோடு மிச்சமிருந்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அது மட்டும் இல்ல டீச்சர். அன்னைக்கு வரிசையில நாங்கதான் முதல்ல இருந்தோம். உங்களுக்கு வந்த ஊசி அவருக்கு வந்திருக்க வேண்டியது. அந்த நினைப்பு என்ன விடவே இல்ல.”

டீச்சர் நோட்டை மூடி மடியில் வைத்தார். “நீங்க மட்டும்தான் அத யோசிச்சீங்கன்னு நினைச்சீங்களா? ரெண்டாவது வாரமே நர்ஸப் போய்க் கேட்டேன். இடம் விட்டுக் குடுத்த மனுஷனோட மருந்த நான் வாங்கிட்டேனான்னு. அவங்க சொன்னாங்க, நோய் ஒரு தடவ திரும்பினவங்களுக்கு ஒரு லிஸ்ட்டு, ரெண்டு தடவ திரும்பினவங்களுக்கு வேற லிஸ்ட்டு. ரெண்டுலயும் கம்ப்யூட்டர் தனித்தனியா போடும். அவருக்கு ஒரு தடவ. எனக்கு ரெண்டு தடவ. நான் முன்னாடி போனாலும் பின்னாடி போனாலும் அவருக்கு வந்ததுதான் வந்திருக்கும்.”

டீச்சருக்கு நோய் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் டீச்சர். “ஒரே லிஸ்ட்டா இருந்திருந்தாலும் உங்க கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன். எனக்கும் உயிரு ஒண்ணுதான்.”

“கேக்க வேண்டாம்” என்றாள் அவள். பிறகு, “உதடு வறண்டிருக்கே, தண்ணி வேணுமா?” என்றாள்.

“சில்லுன்னு வேண்டாம்.”

வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் குடித்தார்.

படியிறங்கும்போது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. இத்தனை நாள் பொறாமைக்கு ஒரு காரணமாவது இருந்தது, வரிசை என்று ஒன்று இருந்தது. இப்போது யாரும் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று ஆகிவிட்ட பிறகும், அது இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தது. அந்தம்மாவின் கட்டி கரைந்துவிட்டது, இவருடையது கரையவில்லை. இதற்கு யாரைத் திட்டுவது?

டீச்சரின் காய்ச்சல் வெறும் கிருமித் தொற்று. ஐந்து நாளில் வீட்டுக்குப் போனார். லிஃப்ட்காரரின் கீமோ நாளை அவளே மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினாள். ஆனால் எட்டாம் சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் அவருடைய கட்டி பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆய்விலிருந்து அவரை விலக்கினார்கள். அதோடு கை விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. கம்பெனியில் அவரை ஃபோன் பக்கம் உட்காரவைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு பதறுகிறவர்களிடம், ஆள் வரும்வரை பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை. அதில் அவர் நன்றாகவே தேறினார்.

டாக்டர் இரண்டு மாதம் எழுதிக் கேட்டு, ஆய்வுக்கு வெளியே தனி அனுமதியில் அவருக்கு அந்தப் புது ஊசியை வாங்கித் தந்தார். முதல் ஊசிக்கு வார்டில் சேர்ந்த அன்று மதியம், அவள் நடைபாதைக்கு வந்து டீச்சருக்கு ஃபோன் செய்தாள். அதுதான் முதல் தடவை.

“டீச்சர், இன்னைக்கு ஊசி போடறாங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாம்னு.”

மறுமுனையில் பிள்ளைகள் இரைச்சல். டீச்சர் அவர்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டுச் சொன்னார். “சாயங்காலம் குளிர் வரும். பல்லு கடகடன்னு அடிக்கும். ஒரு அரை மணி நேரம். பாக்கறதுக்குப் பயங்கரமா இருக்கும். உடனே நர்ஸக் கூப்பிடுங்க, நீங்களா போர்வைய மேல மேல போடாதீங்க. அப்புறம் தலவலி, ரெண்டு நாள். யாராவது பக்கத்துல பேசிட்டே இருந்தா எரிச்சலா இருக்கும். பேசாம உக்காந்திருங்க.”

“பாத்துட்டு உக்காரலாமா?”

“புத்தகம் எதையாவது கையில வெச்சுக்குங்க. ஓரக்கண்ணால பாருங்க.”

சொன்னபடியே சாயங்காலம் குளிர் வந்தது, சொன்னபடியே பல் அடித்தது. அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். பிறகு ஒரு பழைய பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை இரண்டு நாள் வாசித்தாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆய்வின் முடிவு வெளியாகிவிட்டது. புது ஊசி சேர்த்துப் போட்டவர்களில் கட்டி முழுதாகக் கரைந்தவர்கள் அதிகம், அதிக நாள் இருப்பவர்களும் அவர்கள்தான். இனி வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். லிஃப்ட்காரருக்குக் கழுத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் மிச்சமிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். வளரவில்லை, போகவும் இல்லை. முதலிலேயே ஊசி கிடைத்திருந்தால் அந்தப் புள்ளி இருந்திருக்காதோ என்று அவள் நினைக்காத வாரம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஃபோன் செய்தார். கணவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் அவள் எடுத்தாள்.

“வருஷாந்திர ஸ்கேன் வந்துச்சு. சுத்தம்” என்றார் டீச்சர்.

“ரொம்ப சந்தோஷம் டீச்சர்” என்றாள். முக்கால்வாசி மனதோடு சொன்னாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. டீச்சருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

“அவருக்கு எப்ப?”

“வர்ற பதினெட்டாம் தேதி.”

“முடிவு வந்ததும் எனக்குச் சொல்லுங்க. நல்லதா இருந்தாலும் இல்லன்னாலும்.”

“சொல்றேன். இருங்க, அவரக் கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு, மாடிப்படியின் அடியில் போய் நின்று குரல் கொடுத்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி அவர் இறங்கி வருவதை, வேறு எங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.